கார் ஆடியோவில் பல பேட்டரி இணைப்பு

கார் ஆடியோவில் பல பேட்டரி இணைப்பு என்பது, வண்டியோடு வரும் பேட்டரியுடன் கூடுதலாக ஒன்றோ பலவோ சேர்த்து, திறன் மிக்க ஆம்ப்ளிஃபயர்களுக்கு வேண்டிய மின்னோட்டத்தை வழங்கும் ஏற்பாடு. கூடுதல் பேட்டரி பெரும்பாலும் டிக்கியில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைக்கப்படும். இதன் நோக்கம் இரண்டு. பேஸ் அதிரும் நொடிகளில் மின்னழுத்தம் சரியாமல் தாங்குவது ஒன்று; எஞ்சினை அணைத்துவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்பது மற்றொன்று. பேட்டரி மின்சாரத்தைச் சேமிக்குமே தவிர உற்பத்தி செய்யாது. ஓடும் வண்டியில் அந்த வேலை ஆல்டர்னேட்டருடையது. பல பேட்டரி அமைப்பின் விதிகள் எல்லாம் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை.

பின்னணி

1930இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் 'மோட்டரோலா' கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அங்கே பெரும்பாலான கார்களின் மின்னமைப்பு 6 வோல்ட். 1950களின் நடுப்பகுதியில் 12 வோல்ட் பரவியது. பழைய டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்தி, பெரும் எண்ணிக்கையில் தயாரான கார்களில் 1960 மாடல் கிரைஸ்லர் வேலியண்ட் முன்னோடி. அதிகத் திறனுள்ள ஆம்ப்ளிஃபயர்களும், யாருடைய வண்டி அதிக ஒலி எழுப்புகிறது என்று டெசிபலில் அளக்கும் போட்டிகளும் அமெரிக்காவில் வளர்ந்தபோது, ஒரே பேட்டரி போதாத நிலை வந்தது. போட்டி வண்டிகளில் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடம் முழுக்கப் பேட்டரிகளை அடுக்குவதும் உண்டு.

மின்தேவைக் கணக்கு

1000 வாட் ஆர்.எம்.எஸ். திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர், வாங்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டை ஒலிபெருக்கிக்குத் தருகிறது என்று கொள்வோம். 13.8 வோல்ட்டில் அதற்கு ஏறக்குறைய 90 ஆம்பியர் வேண்டும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே பெரும்பாலும் 70 முதல் 90 ஆம்பியர்தான். அதிலிருந்துதான் முகப்பு விளக்கு, ஏ.சி. விசிறி, எரிபொருள் பம்ப் எல்லாமே இயங்கியாக வேண்டும். வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது அந்த அளவும் கிடைக்காது.

ஆனால் பாட்டு எல்லா நேரமும் முழுத் திறனைக் கேட்பதில்லை. சராசரித் தேவை உச்சத்தில் ஒரு பங்குதான். உச்ச நொடிகளில் பேட்டரி கைகொடுக்கும். இடைவெளியில் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பும். சராசரித் தேவையே ஆல்டர்னேட்டரின் வசதியை மீறினால், எத்தனை பேட்டரி வைத்தாலும் எல்லாம் சேர்ந்து மெல்ல வடியும்.

ஒரு ஃபாரட் கெப்பாசிட்டரைப் பேட்டரிக்கு மாற்றாகச் சிலர் பொருத்துவார்கள். மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அது தரும் ஆற்றல் 26 ஜூல் மட்டுமே. 1000 வாட் தேவைக்கு அது ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும்.

பக்க இணைப்பு

கார் ஆடியோவில் பேட்டரிகள் 'பேரலல்' எனப்படும் பக்க இணைப்பில் சேர்க்கப்படுகின்றன. பாசிட்டிவுடன் பாசிட்டிவும் நெகட்டிவுடன் நெகட்டிவும் சேரும். மின்னழுத்தம் 12 வோல்ட்டாகவே இருக்கும். ஆம்பியர்-மணிக் கொள்ளளவு கூடும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் ஆகி, 12 வோல்ட் கருவிகள் எரிந்துபோகும்.

சேர்க்கும் பேட்டரிகள் ஒரே வகையாகவும், முடிந்தவரை ஒரே வயதாகவும் இருக்க வேண்டும். பழையது புதியதையும் தன்னுடன் கீழே இழுக்கும். இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுவதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வாக வைத்து, மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். வேறுபாடு 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 12.7 வோல்ட் பேட்டரியை 12.1 வோல்ட் பேட்டரியுடன் நேரடியாகச் சேர்த்தால், உள்தடை மிகக் குறைவு என்பதால் தொடக்கத்திலேயே பத்துக்கணக்கான ஆம்பியர் பாயும்.

பிரிப்பான்கள்

நிறுத்திய வண்டியில் பாட்டுக் கேட்டாலும் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி காலியாகாமல் இருக்க, அதற்கும் கூடுதல் பேட்டரிக்கும் இடையே பிரிப்பான் பொருத்தப்படும்.

சாவி திருப்பியதும் இணையும் ரிலே எளிமையானது. மின்னழுத்தத்தைப் பார்த்து இயங்கும் ரிலே, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய 13.3 வோல்ட்டில் இணைத்து, 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கும்போது துண்டிக்கும். சிலிக்கான் டையோடு வகையில் அசையும் பாகம் கிடையாது. ஆனால் அதிலேயே 0.6 முதல் 0.7 வோல்ட் வரை இழப்பு ஏற்படுவதால், பின் பேட்டரி முழுவதும் நிரம்பாமல் போகலாம்.

புதிய கார்கள் பலவற்றில் எரிபொருள் சேமிப்புக்காக ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கணினி ஏற்றி இறக்குகிறது. அவற்றில் சாதாரண ரிலேவை நம்ப முடியாது, டி.சி.-டி.சி. சார்ஜர் பொருத்துவதே முறை. இத்தகைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும். கூடுதல் எர்த் கம்பியை அந்த முனையில் மாட்டக் கூடாது. மாட்டினால் சென்சாரின் கணக்கு தவறும். வண்டியின் பாடியில்தான் இணைக்க வேண்டும்.

கம்பியும் ஃபியூஸும்

5 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியில் 100 ஆம்பியர் பாயும்போது, 20 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.43 வோல்ட் இழப்பு. 50 சதுர மில்லிமீட்டரில் 0.17 வோல்ட்தான். செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை மலிவு. ஆனால் அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 60 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், அதே வேலைக்கு இன்னும் தடித்த கம்பி வேண்டும்.

இழப்பு எங்கே என்று கண்டறிவது எளிது. பாட்டை உரக்க வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவிலும் தொட்டால், அந்தப் பாதையின் இழப்பு நேரடியாகத் தெரியும். எர்த் பக்கத்தையும் இதேபோலப் பார்க்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட் முடுக்கிய எர்த் இணைப்பு பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும். ஆல்டர்னேட்டர்-பேட்டரி, பேட்டரி-பாடி, எஞ்சின்-பாடி ஆகிய மூன்று கம்பிகளைத் தடித்தவையாக மாற்றுவது, கூடுதல் பேட்டரிக்கு முன் செய்ய வேண்டிய வேலை.

முன் பேட்டரிக்கும் பின் பேட்டரிக்கும் இடையே ஓடும் கம்பியின் இரு முனைகளிலும் ஃபியூஸ் கட்டாயம். கம்பி நடுவில் உரசிப் பாடியைத் தொட்டால் இரு பேட்டரிகளிலிருந்தும் மின்சாரம் பாயும்; ஒருபக்க ஃபியூஸ் மட்டும் தீயைத் தடுக்காது. ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வைப்பது வழக்கம். அதன் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மீறக் கூடாது.

மின்னேற்றம்

ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டினால் நிரம்பியது, 12.2 அளவில் இருந்தால் பாதி. ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை தந்து பேட்டரிகளை நிரப்புகிறது. முற்றிலும் காலியான பேட்டரிக் கூட்டத்தை அதன் தலையில் கட்டினால், நெடுநேரம் முழு மின்னோட்டம் தந்து சூடேறிப் பழுதாகலாம். அப்போது வெளி சார்ஜரே சரி.

வெளி சார்ஜரின் மின்னோட்டம் மொத்தக் கொள்ளளவில் 10 முதல் 20 விழுக்காடாக இருக்கலாம். 100 ஆம்பியர்-மணிக்கு 10 முதல் 20 ஆம்பியர். பல கட்டங்களில் இயங்கும் சார்ஜர் 14.4 வோல்ட் அளவில் நிரப்பி, பிறகு 13.5 அளவுக்கு இறங்கிப் பராமரிக்கும். அருகருகே இணைத்த பேட்டரிகளுக்கு சார்ஜரின் பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவைக் கடைசி பேட்டரியிலும் மாட்டினால் எல்லாம் சமமாக நிரம்பும். பாதி காலியாகவே வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

வகைகளும் பாதுகாப்பும்

நீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினால் பொறி பட்டு வெடிக்கும். ஆகவே பயணிகள் இருக்கும் பகுதிக்கும் டிக்கிக்கும் மூடிய ஏ.ஜி.எம். வகையே உகந்தது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி எடை குறைந்தது, மின்னழுத்தமும் நிலையாக நிற்கும். ஆனால் அதற்குத் தன் பாதுகாப்புச் சுற்று வேண்டும். ஈய-அமில பேட்டரியுடன் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. எந்த வகையானாலும் பேட்டரியை உலோகப் பட்டையால் இறுகப் பிணைத்து, பாசிட்டிவ் முனையை மூட வேண்டும்.

செலவிடும் வரிசை முக்கியம்: முதலில் கம்பி, எர்த், ஃபியூஸ், அடுத்து ஆல்டர்னேட்டர், அதன் பிறகே கூடுதல் பேட்டரி.