கடலோடியின் இஞ்சியும் புற்றுநோயாளியின் குமட்டலும்

அடுப்படியிலும் ஆய்வுக்கூடத்திலும் ஒருங்கே இடம்பெற்ற மருந்துகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இஞ்சி. கறிக்குச் சுவை கூட்டிய இந்தக் கிழங்கு, புற்றுநோய் மருந்துகள் விளைக்கும் குமட்டலுக்கு ஒரு துணை மருந்தாக வந்து சேர்ந்த வரலாறு, பழமையை எவ்வாறு மதிப்பது என்பதையும் உணர்த்துவதாகும்.

இஞ்சி இன்று காட்டுச்செடியாக எங்கும் அறியப்படவில்லை. மனிதன் நட்ட கிழங்குத் துண்டிலிருந்தே அது தலைமுறை தலைமுறையாகத் தழைத்து வருகிறது. பட்டினப்பாலை சோழநாட்டு வளத்தைக் கூறுமிடத்தில் மஞ்சளோடும் சேம்போடும் இஞ்சியையும் குறிக்கிறது. கிரேக்கர் வழங்கிய 'சிங்கிபெரிஸ்' என்னும் பெயருக்கு மூலம் 'இஞ்சிவேர்' என்னும் திராவிடச் சொல்லே என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. உலர்ந்த இஞ்சியாகிய சுக்கிற்கு மிஞ்சிய மருந்தில்லை என்று தமிழர் பழமொழியே வகுத்துக்கொண்டனர்.

கடலும் இஞ்சியை அறிந்திருந்தது. 14ஆம் நூற்றாண்டில் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் சீனக் கப்பல்களைக் கண்ட மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, அவற்றின் மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரை, காய்கறிகளுடன் இஞ்சியும் வளர்த்ததை எழுதிவைத்தார். பல நூற்றாண்டுகள் கழித்து, 1988இல், கொந்தளிக்கும் கடலில் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர் 80 பேரிடம் இஞ்சி சோதிக்கப்பட்டது. ஒரு கிராம் இஞ்சித் தூள் உண்டவரிடையே வாந்தியும் குளிர்வியர்வையும் குறைந்திருந்தன.

இதற்கிடையே மருத்துவ உலகில் வேறொரு கடல் கொந்தளித்தது. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், போருக்கென ஆராயப்பட்ட நச்சுப்பொருளின் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு, நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஊசிவழி செலுத்தப்பட்டது. கீமோதெராபி என்னும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிஸ்பிளாட்டின் விரைப் புற்றுநோயாளர் பலரைப் பிழைக்க வைத்தது. ஆயினும் அது தந்த வாந்தி மிகக் கொடியது. மருத்துவமனையின் வாடை பட்ட அளவிலேயே குமட்டியவர் உண்டு. உயிர்காக்கும் சிகிச்சையை இடையிலேயே கைவிட்டவரும் உண்டு. நோயைவிட மருந்துக்கு அஞ்சிய காலம் அது.

இத்துன்பத்தின் காரணத்தை அறிவியல் மெல்ல மெல்லக் கண்டறிந்தது. மருந்து குடற்சுவரைத் தாக்க, அங்குள்ள உயிரணுக்கள் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது நரம்பைத் தூண்ட, மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையம் விழித்துக்கொள்கிறது. செரோட்டோனினின் இச்செயலைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வாந்தி பெரிதும் அடங்கியது. ஆனால் குமட்டல் முற்றாக அகலவில்லை. எஞ்சிய அந்தத் துன்பத்திற்கே இஞ்சி நாடப்பட்டது. அதன் காரப்பொருளாகிய ஜிஞ்சரால், உலரும்போது அதிலிருந்து உண்டாகும் ஷோகால் ஆகியன செரோட்டோனினின் தூண்டுதலைத் தணிப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் நடத்திய பெரும் ஆய்வொன்றின் முடிவு 2012இல் அச்சேறியது. அதில் 576 நோயாளிகளின் நிலை கணக்கிடப்பட்டது. வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு, சிகிச்சைக்கு மூன்று நாள் முன்னரே தொடங்கி ஆறு நாள் இஞ்சி உறைமாத்திரை கொடுக்கப்பட்டது. முதல்நாள் குமட்டல் குறைந்தது. நாளொன்றுக்கு அரை கிராமும் ஒரு கிராமும் நற்பயன் தந்தன. ஒன்றரை கிராம் அவற்றை விஞ்சவில்லை. மிகுதியாக உண்பதால் மிகுதியான நலம் விளைவதில்லை என்பது இங்கே தெளிவாயிற்று.

மறுபக்கமும் கூறப்படல் வேண்டும். 2009இல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வில் 162 பேரிடமும், 2017இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில் சிஸ்பிளாட்டின் பெற்ற 121 பேரிடமும் இஞ்சி குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. மேலும், இரத்தம் உறைவதை இஞ்சி தாமதப்படுத்தக் கூடும் என்பதால், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவரும் இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவரும் மருத்துவரைக் கேளாமல் அதனை மருந்தாகக் கொள்ளலாகாது.

முன்னோர் சொல் என்பதனாலேயே ஒன்றை ஏற்பதும், பழமை என்பதனாலேயே அதனைத் தள்ளுவதும் ஒருபோலப் பிழையாம். முன்னோரின் பட்டறிவு ஆராயத்தக்க பொருள் எது என்று சுட்டியது. அதன் எல்லையை அறிவியல் அளந்து கூறியது. இஞ்சி புற்றுநோயைத் தீர்க்கும் மருந்தன்று. வாந்தித் தடுப்பு மருந்துக்கு மாற்றுமன்று. சீனக் கப்பலைக் கரைசேர்த்தவை பாயும் சுக்கானுமே. தொட்டியில் தளிர்த்த இஞ்சி வழித்துணையாக உடன் வந்தது. நோயாளிக்கும் அது அத்தகைய துணையே. சிகிச்சையைக் கைவிடாது தொடர, ஒருவேளைக் குமட்டலேனும் அதனால் தணியுமாயின், அத்துணையைச் சிறிதென்று இகழ்வதற்கில்லை.