ஒரே சமிக்ஞை, இரண்டு துளைகள்



பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டாமல் அறிய முடியுமா? ஓரளவு முடியும். அந்த "ஓரளவு" என்ற சொல்லால் வந்த வினைகளைத்தான் இன்று எழுதுகிறேன். நடந்த இடம் கனடா, ஒன்டாரியோ மாகாணத்து டிம்மின்ஸ் நகரப் பக்கம்.

ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் பாடம் நினைவிருக்கிறதா? விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ கம்பிச்சுருளைக் கட்டி மாறுதிசை மின்னோட்டம் செலுத்தினால், கீழே மின்கடத்தும் பாறையில் சுழல் மின்னோட்டம் எழும். அதன் சிறு காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பதிவு செய்யும். செம்புத் தாது நன்றாகக் கடத்தும். ஆனால் கிராஃபைட்டும் கடத்தும், ஈரக் களிமண்ணும் ஓரளவு கடத்தும். துத்தநாகத் தாதுவோ அவ்வளவாகக் கடத்தாது. ஆகவே கீழே ஏதோ கடத்துகிறது என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும்.

டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்க நிறுவனம் 15,000 சதுர மைலுக்கு மேல் இப்படி வானிலிருந்து அளந்தது. சந்தேகத்துக்குரிய இடங்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்று கிட் நகரியத்தில் இருந்தது. நிலம் பிறருடையது என்பதால் உரிமை பெறவே ஆண்டுகள் ஓடின. 1963 நவம்பர் 8-இல் முதல் துளை தொடங்கி, 12-ஆம் தேதி 655 அடியில் நின்றது. ஏறத்தாழ 600 அடி நீளத்துக்குத் தாது! செம்பு 1 சதவீதத்துக்கு மேல், துத்தநாகம் 8 சதவீதத்துக்கு மேல், கூடவே வெள்ளி.

நிறுவனம் வாய் திறக்கவில்லை. சுற்றியுள்ள நிலத்தை வாங்கி முடிக்கும் வரை ரகசியம் காத்தது. அதற்குள் விஷயம் தெரிந்த சிலர் பங்குகளை வாங்கிக்கொண்டார்கள். 1964 ஏப்ரல் 12-இல் "எல்லாம் வதந்தி, முடிவுக்கு வர இன்னும் துளைகள் வேண்டும்" என்ற தொனியில் ஓர் அறிக்கை. அதை நம்பி விற்றவர்கள் உண்டு. நான்கே நாளில், 16-ஆம் தேதி, குறைந்தது 2.5 கோடி டன் தாது என்று அறிவித்தார்கள். நவம்பரில் 17 டாலர் அளவில் இருந்த பங்கு, மே நடுவில் 58 டாலரைத் தொட்டது. 1968-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ரகசியம் காக்கலாம், ஆனால் அது வெளியாகும் வரை தெரிந்தவர் பங்கு வாங்கக் கூடாது.

அதே 1964 ஜூலையில், அதே வட்டாரத்தில், வின்ட்ஃபால் என்ற சிறு நிறுவனம் ஒரு துளை போட்டு 530 அடியில் நிறுத்தியது. ஆய்வக முடிவை வாரக்கணக்கில் சொல்லவில்லை. பக்கத்தில் கிட் கிரீக் கிடைத்ததே, இங்கேயும் இருக்காதா என்று மக்கள் நினைத்தார்கள். அரை டாலர் அளவில் இருந்த பங்கு ஐந்தரை டாலரைத் தாண்டியது. ஜூலை 30-இல் உண்மை வந்தது: தேறும்படி ஒன்றுமில்லை. சேமிப்பைப் போட்டவர்கள் இழந்தார்கள். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. பின்னர் ஒன்டாரியோ பங்குச் சட்டமே திருத்தி எழுதப்பட்டது.

பிள்ளைகளே, கருவி இரண்டு இடத்திலும் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னது. துளை போட்ட பிறகு உண்மை மனிதர் கைக்கு வந்தது. ஓரிடத்தில் இருந்ததை மறைத்தார்கள், மற்றோரிடத்தில் இல்லாததை மறைத்தார்கள். இரண்டிலும் நஷ்டம் தெரியாதவனுக்கே.

"நிச்சயம் லாபம், யாருக்கும் சொல்லாதே" என்று உங்கள் கைப்பேசிக்கு யாராவது செய்தி அனுப்பினால் ஒரே கேள்வி கேளுங்கள்: துளை போட்டுப் பார்த்தாயிற்றா, முடிவு எங்கே?