ஐஸ்க்ரீம் உருகிப் பொறந்த மோட்டார், ஐஸ் உறைஞ்சா செத்துடும்!

ஐஸ்க்ரீம் உருகினதால ஒரு மோட்டார் பொறந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா மக்களே? நான் படிக்க வந்திருக்கிற மில்வாக்கி ஊர்க்கதை இது. ஓலே எவின்ரூட்னு ஒருத்தர். 1877-ல நார்வேல பொறந்து, சின்ன வயசுலயே குடும்பத்தோட விஸ்கான்சின் வந்துட்டார். ஒரு கோடை நாள்ல ஒக்காச்சி ஏரிக்கு பிக்னிக் போனப்போ, காதலி பெஸ் ஐஸ்க்ரீம் கேட்டாங்களாம். இவரும் வீரமா துடுப்பு போட்டுப் போய் வாங்கிட்டு வந்தார். கரை வந்து சேர்றதுக்குள்ள ஐஸ்க்ரீம் பாலா ஓடிடுச்சு. 'படகுக்கு ஒரு மோட்டார் இருந்தா எப்படி இருக்கும்'னு அன்னிக்குத்தான் யோசிச்சாராம் :-)

கதை எவ்வளவு நிஜமோ, யோசனை அவருக்கு மட்டும் வந்ததில்லை. 1881-லயே குஸ்தாவ் துரூவேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ்ல, சேன் நதியில, படகோட பின்பக்கம் மின்சார மோட்டார் மாட்டி ஓட்டியிருக்கார். அமெரிக்காவுல கேமரூன் வாட்டர்மேன் பெட்ரோல் மோட்டாரை எவின்ரூட்டுக்கு முன்னாடியே வித்தார். ஆனா ஜனங்க மத்தியில ஓடினது 1909-ல வந்த எவின்ரூட் மோட்டார்தான். ஒண்ணரை குதிரைசக்தி. எடை 62 பவுண்டு, விலையும் 62 டாலர்! கணக்கு வழக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் பெஸ் பார்த்துக்கிட்டாங்க. துடுப்பைத் தூக்கிப் போடுங்கன்னு ஊரையே கூப்பிட்டது அவங்க விளம்பரம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த அவுட்போர்டு மோட்டாரோட பெரிய குணமே படகுல இருந்து கழட்டலாம்ங்கறதுதான். விஸ்கான்சின் மாதிரி ஊர்ல இது சாதாரண விஷயம் இல்லீங்க. ஜனவரில ஏரி உறைஞ்சா, அது மேல காரையே ஓட்டிட்டுப் போய் துளை போட்டு மீன் பிடிக்கிறாங்க. அந்தக் குளிர்ல தண்ணி தேங்கின மோட்டாரை வெளில விட்டா அவ்வளவுதான்.

ஏன்னு கேக்கறீங்களா? இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. கீழே இருக்கிற பம்ப் ஏரித் தண்ணியை உறிஞ்சி, சிலிண்டரைச் சுத்தி ஓடவிட்டு, சூட்டோட வெளிய தள்ளும். அதாவது, காப்பாத்துற தண்ணிதான் கொல்லவும் செய்யும். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் விரியும். ஃப்ரீசர்ல வச்ச கண்ணாடி பாட்டில் வெடிக்கிற அதே கதை. இரும்பானாலும் சரி, அலுமினியமானாலும் சரி, விரிசல்தான். அதனாலதான் மோட்டாரை நிமிர்த்தி வைக்கணும்கிறது முதல் விதி. நிமிர்த்தி வச்சா தண்ணி தானா வடிஞ்சிடும். சாய்ச்சுப் போட்டா உள்ளயே தேங்கிடும்.

அடுத்த எதிரி கியர் பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். தூண்டில் நரம்பு ப்ரொபெல்லர் தண்டுல சுத்திக்கிட்டு சீலை அறுத்துடும். அந்த வழியா தண்ணி உள்ள போகும். அக்டோபர்ல கீழ் ஸ்க்ரூவைக் கழட்டும்போது ஆயில் பால் நிறத்துல வந்தா, ஆபத்துன்னு அர்த்தம். அதை அப்படியே விட்டா, பனிக்காலத்துல பெட்டியே பிளந்துடும். புது ஆயிலைக் கீழ் துளை வழியாத்தான் ஏத்தணும். மேல் துளைல எட்டிப் பார்க்கிற வரைக்கும் ஏத்தினா உள்ள காத்து தங்காது.

மோட்டார் மாற மாற இந்த வேலையும் மாறிக்கிட்டே வந்திருக்கு. முதல் கம்பெனியை வித்துட்டுப் போன எவின்ரூட் 1920-களின் தொடக்கத்துல அலுமினியத்துல 'எல்ட்டோ'ன்னு இரட்டை சிலிண்டர் மோட்டார் கொண்டு வந்தார். அது முன்னதை விட லேசு, சக்தி இருமடங்கு. பின்னாடி மோட்டார்கள் பெரிசாகிப் படகோடயே தங்கிடுச்சு, தூக்கிட்டுப் போற வசதி போச்சு. பெட்ரோல்ல எத்தனால் கலக்க ஆரம்பிச்சதும் புதுத் தலைவலி. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆறு மாசம் சும்மா கிடந்தா கார்புரேட்டர் அடைச்சுக்கும். அதனால டேங்க்ல ஸ்டெபிலைசர் ஊத்திப் பத்து நிமிஷம் ஓட விடுறாங்க. சிலிண்டர் துருப்பிடிக்காம இருக்க, ஆயிலைப் புகை மாதிரி உள்ள அடிக்கிறதும் உண்டு. 2000-களில் வந்த எவின்ரூட் ஈ-டெக் அந்த ஆயில் வேலையைத் தானே செஞ்சுக்கும். அதாவது மோட்டாரே குளிர்காலத்துக்குத் தயாராகக் கத்துக்கிச்சு.

ஆனா கம்பெனி தயாரா இல்லை. அந்தப் பேரை வச்சிருந்த ஓ.எம்.சி. 2000 டிசம்பர்ல திவாலாச்சு. வாங்கின பம்பார்டியே குடும்பத்து பி.ஆர்.பி. நிறுவனம் 2020 மே மாசம் எவின்ரூட் தயாரிப்பையே நிறுத்திடுச்சு. 111 வருஷக் கதை முடிஞ்சது.

இல்ல, முடியலை. என் வீட்டுக்கார தாத்தாவோட கராஜ்ல 1950-களோட எவின்ரூட் ஒண்ணு மரச்சட்டத்துல நிமிர்ந்து நிக்குது. அவரோட அப்பா வாங்கினது. ஒவ்வொரு மே மாசமும் கயிறை இழுத்தா, மூணாவது இழுப்புல கிளம்பிடும். காரணம் எவின்ரூட் மட்டும் இல்லீங்க. எழுபது வருஷமா ஒவ்வொரு அக்டோபரும் யாரோ ஒருத்தர் அரை மணி நேரம் குனிஞ்சு ஆயில் மாத்தினதுதான். வரலாறு கண்டுபிடிச்சவங்க பேரை எழுதி வைக்கும். அதைக் காப்பாத்தி வச்சவங்க பேர் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. பெஸ் பேரையே பல பேர் ஐஸ்க்ரீம் கேட்ட பொண்ணாத்தானே ஞாபகம் வச்சிருக்காங்க?

நம்ம கடற்கரைல அவுட்போர்டுக்கு எதிரி உப்பு, இங்க ஐஸ். எதிரி வேற, குனியுற முதுகு ஒண்ணுதான். உங்க வீட்டுல தாத்தா காலத்துல இருந்து ஓடுற மிஷின் எதுவும் இருக்கா? அதை ஓட வச்சது யாருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அவங்க பேர் இங்கயாவது பதிவாகட்டும்.