குளிக்காத தொட்டி கொன்ற கதை

பூக்களைப் பார்க்கப் போனவர்கள் நோயோடு திரும்பிய கதை தெரியுமா? 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே குமிழியடிக்கும் சுடுநீர்த் தொட்டியும் காட்சிக்கு வைத்து ஓடவிடப்பட்டிருந்தது. அதில் யாரும் குளிக்கவில்லை. பக்கத்தில் நடந்து போனார்கள், அவ்வளவுதான்! ஆனால் 300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். குறைந்தது 32 பேர் இறந்தார்கள்.

காரணம், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. 1976-ல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டில் பலரைப் பலி வாங்கி, அடுத்த ஆண்டுதான் அடையாளம் காணப்பட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகப் பெருகும். குமிழி உடையும்போது நுண்துளிகளோடு மூச்சில் ஏறி நுரையீரலைத் தாக்கும்.

குளோரின் போட்டால் போதாதா? சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். பி.எச். 8-ஐத் தாண்டினால், மிச்சமிருக்கும் குளோரினும் பெரும்பகுதி பலமிழந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் சி.டி.சி., லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரினும், 7.0 முதல் 7.8 வரை பி.எச்.சும் வேண்டும் என்கிறது. இரண்டையும் அடிக்கடி சோதிக்கவும் சொல்கிறது.

யாரும் இறங்காத தண்ணீருக்கும் மருந்து வேண்டும். போவென்கார்ஸ்பெல் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.