ஓலை முதல் இணையம் வரை: குறிஞ்சிப்பாடியில் ஒரு வீட்டை விற்பது எப்படி?

வீடு விற்கும் இணையதளம் எதிலாவது போய் "குறிஞ்சிப்பாடி" என்று தட்டிப் பாருங்கள். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் வருவது போல பக்கம் பக்கமாக எதுவும் வந்து கொட்டாது. வடலூருக்கும் நெய்வேலிக்கும் பக்கத்தில், கடலூர்-விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கும் நெசவாளர் ஊர் இது. இங்கே வீடுகள் விற்காமல் இல்லை. விற்கின்றன. ஆனால் பெரும்பாலும் இணையம் வழியாக இல்லை.

"சின்ன ஊர்க்காரர்களுக்கு கம்ப்யூட்டர் தெரியாது" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே ஊரில்தான் ரயில் டிக்கெட் இணையத்தில் எடுக்கிறார்கள், பெட்டிக்கடையில் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளையும் இணையத்தில் தேடுகிறார்கள். வீட்டுக்கு மட்டும் ஏன் இன்னும் தெருமுனைத் தரகர்? இதற்குப் பதில் தேடினால் பல நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. போவோம்!

முதலில் பழைய தென்னாற்காட்டிலேயே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வருவது. சுந்தரரின் திருமணத்தன்று ஒரு கிழவர் ஓலையோடு வருகிறார். "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இது, நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அங்கே கிழவர் அசராமல், "கிழிந்தது நகல்தான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்று எடுத்துக் கொடுக்கிறார். சபையார் பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். தீர்ப்பு சுந்தரருக்கு எதிராக!

பக்தி விஷயத்தை விட்டுவிட்டு, வணிகவியல் கண்ணால் மட்டும் பாருங்கள். நகல், மூலம், கையெழுத்து ஒப்பீடு, பழைய ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம்... இன்றைய சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது எல்லாம் அதில் இருக்கிறது. வழக்கை நிரூபிக்க மூன்று வழிகளையும் சேக்கிழார் சொல்கிறார்: ஆட்சி, ஆவணம், காட்சி. ஆட்சி என்றால் நெடுநாள் அனுபவம், ஆவணம் என்றால் எழுத்து, காட்சி என்றால் நேரில் கண்டவர் சாட்சி. (கடைசியில் சபையார் கிழவரிடம் "உன் வீடு எங்கே, காட்டு" என்று கேட்பதும், அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைவதும் தனிக் கதை. முகவரிச் சான்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள் :-))

இது வெறும் புராணக் கற்பனை இல்லை என்பதற்குச் சோழர் கல்வெட்டுகளே சாட்சி. "ஆவணக்களரி" என்ற சொல் அவற்றில் வருகிறது. விற்பனை ஓலைகளைச் சரிபார்த்து வைக்கும் இடம். நிலமோ மனையோ விற்றால் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு எல்லையும் எழுதி, பணம் முழுதும் வந்துவிட்டது என்பதற்கு இந்த ஓலையே போதும், வேறு எதையும் காட்ட வேண்டியதில்லை என்றும் எழுதினார்கள். இன்றைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "நான்கெல்லைக்குள் அடங்கிய..." அப்படியே இருக்கும்.

எல்லையைச் சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடலூரிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் புனித டேவிட் கோட்டை. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் உண்டு என்பது பேச்சு. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! வாங்குபவர் சும்மா இருப்பாரா? நல்ல பீரங்கியாகப் பார்த்து வைத்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை கிராமங்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. அவற்றுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்தது. கடலூர் வட்டாரத்தில் நடந்த சொத்து விற்பனைகளில் இதைப் போல ஏமாளித்தனமான ஒப்பந்தம் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

பிறகு வெள்ளைக்காரர்களே எல்லாவற்றையும் சட்டமாக எழுதி வைத்தார்கள். 1864இல் பதிவுச் சட்டம். 1882இல் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 54ஆம் பிரிவின்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலத்தைப் பதிவுப் பத்திரம் மூலம்தான் விற்க முடியும். 1908இல் இப்போதும் நடைமுறையில் உள்ள பதிவுச் சட்டம் வந்தது. அன்றைய நூறு ரூபாய் எங்கே, இன்றைய நூறு ரூபாய் எங்கே... ஆனால் சட்டத்தில் இன்னும் அதே நூறுதான்.

இந்தச் சட்டங்களின் பெரிய சாதனை எது? முன்பின் தெரியாதவரிடம் வீடு வாங்க முடிந்ததுதான். அதுவரை விற்பவர் யார், அவர் அப்பா யார், அந்த வீட்டில் அடமானம் இருக்கிறதா என்பதெல்லாம் ஊர்க்காரருக்கு மட்டுமே தெரியும். இப்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடு கட்டணம் கட்டி வில்லங்கச் சான்று வாங்கினால் வெளியூர்க்காரருக்கும் தெரியும். இணையத்தில் வீடு விற்கலாம் என்ற எண்ணம் முளைப்பதற்கு நூறு வருடம் முன்பே அதற்கான அஸ்திவாரம் போடப்பட்டுவிட்டது.

ஆனாலும் ஆள் தேட வேண்டுமே! அதற்குத்தான் தரகர். சின்ன ஊர்த் தரகரை யாரும் படிப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. டீக்கடை பெஞ்சுதான் அவர் அலுவலகம். யார் வீட்டில் கல்யாணச் செலவு, யாருக்குக் கடன் முற்றிவிட்டது, யார் மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறான்... எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும் பதிவேடு. வியாபாரம் முடிந்தால் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒரு சதவீதமோ இரண்டோ கமிஷன். முடியாவிட்டால் டீக்காசுகூடக் கிடையாது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தரகருக்கு முதல் போட்டி தமிழ் நாளிதழ்களின் வரி விளம்பரம். "தரகர்கள் தேவையில்லை" என்று போட்டிருப்பார்கள். காலையில் முதல் போன் தரகரிடமிருந்துதான் வரும். அடுத்த போட்டி இணையம். 1998இல் தொடங்கிய சுலேகா, 2005இல் வந்த 99 ஏக்கர்ஸ், 2006இல் வந்த மேஜிக்பிரிக்ஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 99 ஏக்கர்ஸை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனமே ஜீவன்சாத்தி என்ற திருமணத் தளத்தையும் நடத்துகிறது. சென்னையின் பாரத் மேட்ரிமோனி குழுமத்திலிருந்தும் ஒரு வீட்டுமனைத் தளம் வந்தது. நம் ஊரிலும் ஒரே தரகர் காலையில் ஜாதகமும் மாலையில் வீட்டுப் பத்திரமும் கையில் வைத்துக்கொண்டு அலைவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் தொழில் ஜோடி மாறவில்லை!

2014இல் பெங்களூரில் தொடங்கிய நோபுரோக்கர் நேரடியாகத் தரகர் பிழைப்பிலேயே கை வைத்தது. பெயரிலேயே சண்டை. 2021இல் அதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அது வளர்ந்தது பெருநகரங்களில், குறிப்பாக ஐ.டி. ஊழியர்கள் வருடத்துக்கு ஒரு வீடு மாறும் இடங்களில்.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் 2014இல் பர்ப்பிள்பிரிக்ஸ் என்ற இணைய முகவர் நிறுவனம் வந்தது. வழக்கமான முகவர் வீடு விற்றால்தான் சதவீதக் கமிஷன் வாங்குவார். இவர்களோ ஒரு நிலையான கட்டணம், அதுவும் வீடு விற்றாலும் விற்காவிட்டாலும். மக்கள் மொய்த்தார்கள். 2017இல் நிறுவனத்தின் பங்குச் சந்தை மதிப்பு நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. 2023இல் அதன் தொழில் முழுவதும் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விலை எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு பவுண்டு!

வீழ்ச்சிக்குப் பல காரணம் சொல்கிறார்கள். வெளிநாடுகளில் அகலக்கால் வைத்தது அதில் ஒன்று. ஆனால் டீக்கடை பெஞ்சுத் தரகரை நினைத்துப் பாருங்கள். விற்காவிட்டால் அவருக்குப் பட்டினி. முன்கூட்டியே கட்டணம் வாங்கிவிட்டவருக்கு அந்த அவசரம் எங்கிருந்து வரும்? பெரிய கணக்கியல் எல்லாம் தேவையில்லை, இந்த ஒரு வித்தியாசமே போதும்.

நம் நாட்டுத் தளங்களுக்கும் இங்கிலாந்து முகவருக்கும் இன்னொரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி முகவர் என்பவர் ஒருவர் சார்பில் செயல்படுபவர், அவருக்குக் கடமைகள் உண்டு. இங்கே பெரும்பாலான தளங்கள் தங்களை முகவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி "இடையீட்டாளர்" என்கிறார்கள். அதாவது அறிவிப்புப் பலகை. பலகையில் யாரோ பொய் எழுதினால் பலகைக்காரர் பொறுப்பல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 2016இல் வந்த ரெரா சட்டம் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதுவும் பதிவான புதுக் கட்டுமானத் திட்டங்களுக்குத்தான். குறிஞ்சிப்பாடியில் ஒருவர் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை விற்றால் ரெரா எட்டிக்கூடப் பார்க்காது.

அந்த ஓட்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். அது கிராம நத்தத்தில் இருக்கலாம். பல தலைமுறையாகக் குடியிருப்பதே அங்கே உரிமை. சேக்கிழார் சொன்ன "ஆட்சி". பட்டா இருந்தாலும் தாத்தா பெயரில் இருக்கும். வங்கிக் கடன் வாங்கி வாங்குபவர் அங்கேயே பின்வாங்கிவிடுவார். அடுத்து பங்காளிகள். தமிழ்நாட்டில் 1989இலேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை கொடுத்தாயிற்று. 2005இல் மத்திய அரசும் சட்டத்தைத் திருத்தியது. 2020இல் உச்ச நீதிமன்றம், 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவாக்கியது. ஆனாலும் மூத்த மகன் மட்டும் நாலு போட்டோ எடுத்து விளம்பரம் போட்டுவிடலாம். கல்யாணமாகிப் பண்ருட்டிக்குப் போன தங்கை கையெழுத்துப் போடுவாளா என்று எந்தத் தளமும் கேட்பதில்லை. தரகர் கேட்பார். "தம்பி, தங்கச்சி சம்மதம் வாங்கிட்டியா? அப்புறம் பார்ட்டியைக் கூட்டிட்டு வரேன்." அவருக்கு தர்மசிந்தனை அதிகம் என்பதால் அல்ல. பத்திரம் நின்றுபோனால் கமிஷன் போய்விடும்!

நெசவாளர் வீடு என்றால் உள்ளே தறிக்குழி இருக்கும். தளத்தில் "எத்தனை படுக்கையறை" என்று கேட்கும் கட்டத்தில் தறிக்குழியை எங்கே எழுதுவது? இன்னொரு கைலி நெசவாளருக்கு அது வசதி, நெய்வேலியில் வேலை பார்ப்பவருக்கு அது மண் போட்டு மூட வேண்டிய பள்ளம். அப்புறம் தண்ணீர். 2015 நவம்பர் வெள்ளத்தில் குறிஞ்சிப்பாடி வட்டாரம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கோடையில் எடுத்த போட்டோவில் அது தெரியாது. வீட்டிலுள்ள மறைவான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் வருடச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.

இவ்வளவு குறை சொன்னாலும் தளங்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றன. விலையை வெளியில் கொண்டுவந்தன. முன்பு ஒரு தெருவில் வீடு என்ன விலைக்குப் போகிறது என்பது தரகருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பத்திரத்தில் இருப்பதோ பெரும்பாலும் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகை. மீதி ரொக்கம். 2015 ஜூன் முதல் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம், வாங்கிய அளவுக்கே அபராதம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2017இல் 4% ஆகி 2023இல் 2% ஆகக் குறைந்தது. ஆக மொத்தம் 9%. இதை மிச்சம் பிடிக்கத்தான் இரண்டு விலை. தளத்தில் முப்பது லட்சம் என்று ஊரறியப் போட்டுவிட்டுப் பத்திரத்தில் பதினைந்து என்று எழுதும்போது கொஞ்சமாவது கை நடுங்கும் அல்லவா?

உண்மையான இணையப் புரட்சி நடந்தது அரசாங்கப் பக்கத்தில்தான். தமிழகப் பதிவுத்துறையைக் கணினிமயமாக்கும் "ஸ்டார்" திட்டம் 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. 2018 பிப்ரவரியில் அதன் இரண்டாம் கட்டம். இப்போது வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். துபாயில் இருக்கும் குறிஞ்சிப்பாடிக்காரர் இரவு பத்து மணிக்குத் தன் வீட்டின் மீது யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள முடிகிறது. விற்க வேண்டுமானால் அவர் அங்கிருந்தே பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பவரை யார் பெயருக்கு எழுதுவது? அண்ணன் பெயருக்கா, மச்சான் பெயருக்கா என்று அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு பெரிய விவாதமே நடக்கும்.