கழற்றிக்கொண்டு வந்த பரண்

போன வருஷம் சென்னையில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கினோம். 480 சதுர அடி. ஹால், ஒரு படுக்கையறை, ஒருத்தர் தோசை சுட்டால் இன்னொருத்தர் வாசலில் நிற்க வேண்டிய சமையலறை. இதில் நாலு பேர் எப்படி இருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் பழைய பரண் பலகைகளை இழைக்க எடுத்த தச்சர் கூப்பிட்டார். "சார், இது என்ன பாஷை?" பலகையின் அடிப்பக்கத்தில், மங்கிய கறுப்பில், ரஷ்ய எழுத்துகள்.

அந்தப் பலகைகள் நெய்வேலியிலிருந்து வந்தவை. அங்கே வந்தது சோவியத் நாட்டிலிருந்து, இயந்திரம் சுமந்த பெட்டியாக.

நெய்வேலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின்நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது. 50 மெகாவாட். 1970-ல் அது மொத்தம் 600 ஆனது. இதற்காகப் பல கிராமங்கள் காலியாயின. சொந்த மண்ணில் வீடு வைத்திருந்தவர்கள் கிளம்பிய பக்கத்தில்தான், யாருக்குமே சொந்தமில்லாத வீடுகளாலான ஒரு ஊர் எழும்பியது. அந்த ஊரில் வளர்ந்தவன் நான். இதை எழுதும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நகரியத்தை வட்டம் வட்டமாகப் பிரித்திருப்பார்கள். "எந்த வட்டம்?" என்பதுதான் நெய்வேலியில் முதல் கேள்வி. பதவிக்குத் தக்கபடி குவார்ட்டர்ஸ். எங்களுடையது சின்ன டைப். ஆனால் தோட்டம் பெருசு. பலா, மா, முருங்கை எல்லாம் உண்டு. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு இருக்கிறது, அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கமே வெட்ட முடியும். ஆக, வெளியே தாராளம், உள்ளே நெருக்கடி. ஆறு பேர், ஒன்றரை அறை.

இந்த நெருக்கடி நெய்வேலியில் மட்டும் இருந்ததல்ல. உலகம் முழுக்க தொழிலாளர் வீடு என்றால் எத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறையை வரைந்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். மடக்கும் இஸ்திரிப் பலகை, பருப்பு மாவுக்கு அலுமினிய இழுப்பறைகள், நகர்த்திக்கொள்ளும் விளக்கு. ஏறக்குறைய 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். இன்று 'மாடுலர் கிச்சன்' என்று நமக்கு விற்பதன் பாட்டி இதுதான். நம் நாட்டில் 1952-ல் தொழிலாளர் வீடுகளுக்கு மானியத் திட்டம் வந்தது. 1954-ல் டெல்லியில் மலிவு வீடுகளுக்கென்று சர்வதேசக் கண்காட்சியே நடத்தி, மாதிரி வீடுகளை நிஜ அளவில் கட்டிக் காட்டினார்கள்.

நேரு நெய்வேலிக்கு வந்துபோன இரண்டு மாதம் கழித்து, 1957 ஜூலையில், மாஸ்கோவில் வீட்டுப் பஞ்சத்தைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒழிப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். அப்புறம் ஊரூராக எழுந்த ஐந்து மாடிக் கட்டடங்களுக்கு 'குருஷ்சேவ்கா' என்று பெயர். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் அலமாரி. அங்கே மட்டும் வெளிச்சுவரை மெல்லிசாகக் கட்டியிருப்பார்கள். குளிர்காலத்தில் அதுவே ஃபிரிட்ஜ்! எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பெட்டியில் ஆணி அடித்தவனும் இங்கே அதைப் பிரித்த அப்பாவும் ஒரே மாதிரி வீட்டுக்குத்தான் சாயங்காலம் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அப்பா 1966-ல் மின்நிலையத்தில் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து, கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளை விலைக்கு வாங்கினார். அவருக்கு இருந்த சிக்கல் ஒன்றே ஒன்று. வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும். சுவரை உடைக்க முடியாது, சேர்த்துக் கட்ட முடியாது. அதனால் அவர் செய்த எல்லாமே கழற்றக்கூடியது. பரணைச் சுவரில் பதிக்காமல் நாலு கால் நிறுத்தி போல்ட் போட்டார். மேலே டிரங்குப் பெட்டிகள், நடுவில் துணிக்கொடி, கீழே எங்கள் பாய். சமையல் மேடைக்கு அடியில் லெகோ கரி மூட்டை இருந்தது. கேஸ் வந்த பிறகு அந்த இடத்தில் அரிசி டின்கள் சக்கரப் பலகையில் ஏறின. ஃபிராங்க்ஃபர்ட் அம்மையாரை அப்பா கேள்விப்பட்டதே கிடையாது.

உள்கதவு கதைதான் எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. மூன்றடிக் கதவு திறந்து மூட, தரையில் கால்வட்டமாக ஏழு சதுர அடி போய்விடும். அங்கே எதையும் வைக்க முடியாது. அப்பா கதவைக் கழற்றி, கீல், திருகாணி எல்லாவற்றையும் துணியில் முடிந்து, பரண் மேல் படுக்க வைத்து, வாசலுக்குத் திரை போட்டார். அந்த ஏழு அடியில் என் தங்கை படித்தாள். 1999-ல் காலி செய்யும்போது அதே கதவு, அதே திருகாணிகளோடு, அதே இடத்துக்குத் திரும்பியது. முப்பது வருஷம் அந்த வீட்டில் நாங்கள் இருந்த அடையாளமே இல்லாமல் அறை பளிச்சென்று நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகவே இல்லை.

சென்னை ஃப்ளாட்டில் இப்போது படுக்கையறைக் கதவு சுவரோரமாக நகர்கிறது. சாப்பாட்டு மேஜை சுவரில் மடிகிறது. பரணின் கால்களை ஆறு அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. எழுத்துள்ள பலகையை இழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கீழே படுத்தால் தெரிகிற மாதிரி போட்டிருக்கிறோம்.

தச்சர் பரணைச் சுவரோடு சேர்த்து அடிக்க டிரில்லை எடுத்தபோது, நாற்காலியில் இருந்த அப்பா பதறினார்.

"போல்ட்டே போடச் சொல்லுடா. நாளைக்குக் காலி பண்றப்ப எப்படிக் கழட்டுவே?"

"இது நம்ம வீடுப்பா."

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "ஆமால்ல," என்றார். அப்புறம், "இருந்தாலும் போல்ட்டே போடு."

போல்ட்தான் போட்டோம்.