தூளி எதில் தொங்கியது?



சம்பா நடவு முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. ஏரியில் தண்ணி இருக்கு, அதனால மனசும் கொஞ்சம் லேசா இருக்கு. இந்தத் தடவை நெல்லை விட்டுட்டு தூளியைப் பத்தி எழுதுறேன். காரணம் இருக்கு.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பேரனோடு இன்னும் இங்கேதான் இருக்கா. மருமகனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே வாடகை வீட்டில் மேல்தளத்தில் கொக்கி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாராம். அதனால ஒரு இரும்பு ஸ்டாண்டு வாங்கிக் கொண்டுவந்தார். நாலு கால், மேலே ஒரு குறுக்குக் கம்பி, அதில் ஒரு ஸ்பிரிங். மடக்கினா காரில் போட்டு எங்கே வேணும்னாலும் கொண்டு போகலாம்.

வீட்டுக்குள்ள புழுக்கமா இருக்குன்னு அதைக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு கால் தரையில் படவே இல்லை. ஓட்டுத் துண்டு ஒண்ணை அடியில் வெச்சேன். அப்பவும் ஆட்டம். பார்த்துக்கிட்டிருந்த எங்க அக்கா சிரிச்சாங்க. "அம்மா மூணு கம்புல கட்டினது ஆடவே ஆடாதேடா" அப்படின்னாங்க.

அந்த மூணு கம்பு எனக்கும் ஞாபகம் இருக்கு. ஆள் உயரத்துக்கு மேல மூணு சவுக்குக் கம்பு. நுனியை ஒண்ணா சேர்த்துக் கயித்தால் இறுக்கிக் கட்டி, அடியை அகலமா விரிச்சு, மண்ணில் அழுத்தி ஊன்றுவாங்க. நடுவில் தூளி. மரம் இல்லாத கழனியில் நடவுக்குப் போற பொம்பளைங்களுக்கு அதுதான் வழி. அதில் ஒரு கணக்கும் இருக்கு. மூணு கால் எந்த மேடு பள்ளத்திலும் மூணும் தரையைத் தொட்டுடும். நாலு கால்னா தரை சமமா இருந்தாத்தான் நாலும் உட்காரும். கடைக்காரன் ஸ்டாண்டு டைல்ஸ் தரைக்குச் செஞ்சது, கழனிக்கு இல்லை. எதுவா இருந்தாலும் அடி அகலமா இருக்கணும். ஆட்டும்போது பாரம் பக்கவாட்டில் போகும், அடி குறுகினா கவிழ்ந்துடும். தூளியின் அடிப்பக்கம் தரைக்கு மேல ஒரு முழம் இருந்தாப் போதும். விழுந்தாலும் பெரிய அடி படாது, எறும்பும் நாயும் சட்டுனு கிட்ட வராது.

வீட்டில் தூளி தொங்கினது உத்தரத்தில். ஓட்டு வீடு, கூரை வீடு எதுவா இருந்தாலும் குறுக்கே ஒரு மரம் இருக்கும். காஞ்சிபுரத்தில் நெசவுக்காரங்க வீட்டிலும் அப்படித்தான். குழித்தறிக்குப் பக்கத்தில் உத்தரத்திலிருந்து தூளி, அதிலிருந்து ஒரு கயிறு அம்மா கையில். பட்டு நெய்யுற ஊரா இருந்தாலும் தூளிக்குப் பட்டு ஆகாது. வழுக்கும், முடிச்சு நிக்காது, காத்தும் போகாது. பழைய நூல் புடவைதான் தூளி. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தில் பிள்ளை வரம் கேட்டு குட்டித் தொட்டில் கட்டுறதை நீங்களும் பார்த்திருப்பீங்க.

துணி அன்னைக்கும் அதேதான், இன்னைக்கும் அதேதான். தொங்குற இடம்தான் மாறிக்கிட்டே வந்திருக்கு. உத்தரம் போய் தளம் போட்ட வீடு வந்தது, அதில் ஒரு இரும்புக் கொக்கி. பெங்களூர் ரோட்டை நாலு வழியா அகலப்படுத்தினப்போ ரோட்டோரப் புளியமரங்கள் போச்சு. இப்போ வாடகை வீட்டில் கொக்கியும் போச்சு. கடைசியில் மூணு கம்புதான் நாலு குழாயா திரும்பி வந்திருக்கு.

வெளிநாட்டிலும் இதுக்கு ஒரு கதை உண்டு. 1492ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கினப்போ, அங்கே இருந்த தைனோ மக்கள் பருத்தி வலையில் தொங்கிக்கிட்டு தூங்குறதைப் பார்த்து எழுதி வெச்சார். அவங்க சொன்ன 'ஹமாக்கா'தான் இங்கிலீஷில் 'ஹேமக்' ஆச்சு. கப்பல்காரங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கப்பல் சாய்ஞ்சாலும் தொங்குற படுக்கை சாயாது, பகலில் சுருட்டி வெச்சுட்டா இடமும் மிச்சம். அங்கே அது பெரியவங்க படுக்கை. நம்ம ஊரில் அது பிள்ளைக்கு. தால்னா நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுறதால தாலாட்டு. பெரியாழ்வார் கண்ணனுக்கே தாலாட்டு பாடி இருக்கார்.

இப்போ அக்கா விஷயத்துக்கு வரேன்.

தூளியை எதில் கட்டினாங்கன்னு இவ்வளவு நேரம் எழுதினேன். யார் ஆட்டினாங்கன்னு எழுதலை. அம்மா நடவில் குனிஞ்சிருப்பாங்க. தூளிக் கயிறு அக்கா கையில். என் தங்கச்சி 1976ல் பிறந்தப்போ அக்கா நாலாவது படிச்சுக்கிட்டு இருந்தாங்க. நடவுக்கு நாலு நாள் லீவுன்னு ஆரம்பிச்சது. அப்புறம் களையெடுப்பு, அறுப்பு. அடுத்த வருஷம் ஸ்கூலுக்கே போகலை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன். பையன்னு என்னை யாரும் தூளிகிட்ட உட்கார வைக்கலை. இதை இன்னைக்கு வரைக்கும் நான் அவங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னதில்லை.

சர்க்காருக்கு இது தெரியாமல் இல்லை. 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே 50 பெண்கள் வேலை செய்யுற தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்க இடம் வேணும்னு இருந்தது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் அந்த மாதிரி இடத்தைப் பிள்ளைக்காம்பரான்னு சொல்வாங்க. ஆனா அடுத்தவங்க கழனியில் கூலிக்கு நாத்து நடுறவங்களுக்கு யாரு காம்பரா கட்டுவாங்க? அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ல் தொடங்கினப்போ நாடு முழுக்க 33 வட்டாரத்தில்தான் இருந்தது. எங்க தெருப் பிள்ளைங்களுக்கு அது கிடைக்கும்போது தங்கச்சி பாவாடை கட்டிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தா. 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்குற இடத்துக்கு ஆறு வயசுக்குக் கீழே அஞ்சு பிள்ளைங்க வந்தா, அவங்களைப் பார்த்துக்க ஒரு பெண்ணை நிறுத்தி அவளுக்கும் கூலி தரணும்னு இருந்தது. என்னைக் கேட்டா தூளி வரலாற்றிலேயே பெரிய வரி அதுதான். ஆட்டுறதும் வேலைதான்னு எழுதி வெச்சாங்க.

ஸ்டாண்டைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டாச்சு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. கரண்டில் தானா ஆடுற தொட்டில்கூட இப்போ வருதுன்னு மருமகன் சொன்னார். "அப்போ அது இருந்திருந்தா நானும் படிச்சிருப்பேனோ என்னவோ" அப்படின்னாங்க அக்கா, கயித்தை விடாம.

எனக்கு அப்படித் தோணலை. மிஷின் ஆட்டும், பிள்ளை அழுதா தூக்காது. அன்னைக்கு வேண்டியிருந்தது ஒரு பெரிய ஆளும் அவங்களுக்கு ஒரு கூலியும். அதைச் சொல்ல வாய் வரலை. "நீ கொஞ்சம் எழுந்திரு, நான் ஆட்டுறேன்"னு சொல்லிக் கயித்தை வாங்கினேன். ஐம்பது வருஷம் லேட்டுதான்.